வாலிபர் வேதபாடத்துக்கு யோசனை வேண்டும்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் சபை வாலிபர்களுக்கு ஞாயிறு மாலை வேதபாடம் எடுக்கிறேன். பாதிப் பேர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள். தினமும் வேதம் வாசிக்கிறார்கள், மனப்பாட வசனமும் தடுமாறாமல் சொல்கிறார்கள். ஆனால் கடிந்துகொள்கிற வசனம் வந்தால் மட்டும் அது பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று ஆகிவிடுகிறது! (பெரியவர்களும் அப்படித்தான், அது வேறு கதை.)

அடுத்து 2 இராஜாக்கள் 22, 23 எடுக்கலாம் என்றிருக்கிறேன். நியாயப்பிரமாண புஸ்தகத்தை வாசிக்கக் கேட்டதும் யோசியா ராஜா வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான். அதோடு நிற்காமல் விக்கிரகங்களை அகற்றி, பஸ்கா பண்டிகையையும் ஆசரிக்கச் சொல்கிறான். கூடவே நெகேமியா 8. அங்கே வேதத்தைக் கேட்டு அழுத ஜனங்களை, அழவேண்டாம், போய்ச் சாப்பிடுங்கள் என்று தேற்றுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியம். குற்ற உணர்வில் அழுத்தி அனுப்பினால் பிள்ளைகள் அடுத்த வாரம் வரமாட்டார்கள். 2 கொரிந்தியர் 7:10-இல் பவுல் மனந்திரும்பவைக்கிற தேவனுக்கேற்ற துக்கம், மரணத்தை உண்டாக்கும் லௌகிக துக்கம் என்று இரண்டு விதத் துக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறாரே, அதை எளிதாக எப்படிச் சொல்வது?

இப்படிப் பாடம் எடுத்தவர்கள் என்ன கேள்விகள் கேட்டீர்கள்? எல்லோர் முன்னும் பேசவைப்பது சரியா, தனியாக எழுதவைப்பது நல்லதா? புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது ஒரு ஞாயிறு வந்து நடத்திக் கொடுத்தாலும் சந்தோஷம்.