சிக்கன்மேன் மாதிரி ரேடியோ தொடர் நம்ம பக்கம் வந்திருக்கா?

ஹட்டன்வாசி:
மக்களே, சிக்கன்மேன் கேட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா? 1966ல டீவில பேட்மேன் ஓஹோன்னு ஓடினப்ப அதக் கிண்டல் பண்ணி சிக்காகோ ரேடியோவுல டிக் ஓர்கின் ஆரம்பிச்ச தொடர். ஹீரோ பென்டன் ஹார்பர் கிழமை நாள்ல சப்பாத்து விக்கிறவரு, சனி ஞாயிறு மட்டும் கோழி டிரஸ்ஸ மாட்டிக்கிட்டு குற்றவாளி பிடிக்கக் கிளம்பிருவாரு. ஒரு எபிசோட் ரெண்டு மூணு நிமிஷந்தான். வீராவேசமா போலீஸ் கமிஷனர் ஆபீசுக்குள்ள வருவாரு, அங்க செக்ரட்டரி மிஸ் ஹெல்ஃபிங்கர் கொஞ்சங்கூட அசராம பேசுற பேச்சு இருக்கே, அதுக்காகவே திரும்பத் திரும்பக் கேக்குறேன். இலங்கை வானொலியில இப்படி ஏதாச்சும் வந்துச்சா? தேயிலத் தோட்டத்து லயத்துல, அதான் வரிசையா கட்டின தொழிலாளர் வீடுங்கள்ல, ரேடியோ கேட்டு வளந்தவங்க சொல்லுங்க.

நோர்வூட்_அண்ணன்:
தம்பி, சூப்பர் ஹீரோ நான் கேட்டதில்ல, ஆனா இலங்கை வானொலியில கோமாளிகளின் கும்மாளம்னு சிரிப்பு நாடகம் இருந்துச்சே! ராம்தாஸ் மரிக்காரா, ராஜகோபால் அப்புக்குட்டியா, செல்வசேகரன் உபாலியா, அப்துல் ஹமீது ஐயரா நடிச்சாங்க. ஆளுக்கொரு பேச்சுத் தமிழ், வாயத் தொறந்தாலே யாருன்னு தெரிஞ்சிரும். 1976ல கோமாளிகள்னு படமாவும் வந்துச்சு, எனக்கென்னவோ ரேடியோதான் ஒசத்தி. எங்க லயத்துல ஒரு வீட்டுலதான் ரேடியோ, இஸ்தோப்புல, அதான் வாசத் திண்ணையில, வச்சி சத்தத்தக் கூட்டி விடுவாங்க, பெட்டரி எறங்கிட்டா வெயில்ல காய வச்சி மறுபடி போட்டுக் கேப்போம், மழக்காலத்துல அதுக்கும் வழியில்ல.

கொழுந்துக்கூடை:
அண்ணன் சொன்னதுதான் விசயமே. சிக்கன்மேன்லயும் முக்கியமா மூணு பேரு குரல்தான்: ஓர்கின், கதை சொல்ற ஜிம் ரன்யன், பொம்பளைங்க குரல் எல்லாத்துக்கும் ஜேன் ராபர்ட்ஸ். கோழி டிரஸ்ஸ யாரும் பாக்கல, அதனாலதான் ஒவ்வொருத்தர் மனசுலயும் அது இன்னும் சிரிப்பா நிக்கிது. வியட்நாம்ல இருந்த அமெரிக்க ஆமிக்காரங்க ரேடியோவுலகூட போட்டாங்க. நாமளும் ஒண்ணு எழுதலாமே? ஊரக் காப்பாத்திட்டு தேயில மலைக்குக் கொழுந்து பறிக்க லேட்டா ஓடி வர்ற அக்கா, கொழுந்து கொறைஞ்சி போச்சுன்னு வேலைய மேய்க்கிற கணக்கப்பிள்ளை அரைப்பேர், அதான் அரை நாள் சம்பளம், போட்டுருவாரு, என்ன சக்தி இருந்தும் அவருகிட்ட மட்டும் பலிக்காது.

ஹட்டன்வாசி:
அக்கா இத விட்டுறாதீங்க! ஃபோன்லயே ரெக்கோட் பண்ணலாம், கணக்கப்பிள்ளை குரலுக்கு நோர்வூட் அண்ணன் வாங்க.

நோர்வூட்_அண்ணன்:
வாறேன் தம்பி. ஒண்ணு மட்டும், அரைப்பேருக்கு எத்தன கிலோன்னு எழுதிறாதீங்க, தோட்டத்துக்குத் தோட்டம் வேற கணக்கு, எல்லாரும் தங்களோட தோட்டம்னு நெனச்சிக் கேக்கட்டும்.