மாடி வீட்டை முஸ்லிம் நண்பனுக்கு விட வீட்டில் மறுக்கிறார்கள், எப்படிப் பேசுவது?

பாளைக்காரன்:
பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி மூன்று மாதமாகக் காலி. என்னோடு வேலை பார்க்கிற நண்பன், முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேலப்பாளையத்துக்காரன், மனைவி குழந்தையோடு இந்தப் பக்கம் வீடு தேடுகிறான். நான் பேச்சை எடுத்ததுமே அம்மா, "அவியளுக்கா? அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாவ" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நோன்புக்கு அவன் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வரும், வாளியை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா அதில் முறுக்கு போட்டு அனுப்புவாள். இப்போது கேட்டால் கறி வாசனை என்கிறாள். எங்கள் வீட்டிலும் ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறிதான். அவனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. சண்டை போடாமல் எப்படிப் பேசுவது?

மேலப்பாளையத்துப் பொண்ணு:
அண்ணே, நாங்களும் இப்படித் தேடியவர்கள்தான். போனில் நன்றாகப் பேசுவார்கள், தண்ணீர் வரும் நேரம், பைக் நிறுத்த இடம் எல்லாம் சொல்லிவிட்டு, "பேரு சொல்லலியே தம்பி" என்பார்கள். பேரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் "இப்பதான் ஒரு ஆளு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறாவ". மறுநாள் அந்தத் தெருவழியாகப் போனால் போர்டு அப்படியே தொங்கும். ஒன்பது வீடு இப்படிப் போனது. பத்தாவது வீட்டுக்குப் போன் போட்டபோது எங்க வீட்டுக்காரர் எடுத்த எடுப்பிலேயே, "நாங்க முஸ்லிம், பரவாயில்லியா?" என்று கேட்டார். பக்கத்தில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த என் மகன் நிமிர்ந்து வாப்பா முகத்தைப் பார்த்தான். அதை என்னால் மறக்க முடியவில்லை.

"அவங்க எல்லாரும் ஒரே இடத்துலதான் கூடி இருப்பாங்க" என்று எங்களையே குறை சொல்வார்கள். வெளியே வீடு தராவிட்டால் எங்கே போவோம்? முஸ்லிம்களுக்கு மற்ற பகுதிகளில் வீடு கிடைப்பதில்லை, அதனால் ஒரே இடத்தில் ஒடுங்குகிறார்கள் என்று, முஸ்லிம்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழுவின் அறிக்கை 2006-லேயே சொல்லிவிட்டது. 2020 ஏப்ரலில் கொரோனா பரவியதற்கு டெல்லியில் நடந்த தப்லீக் என்ற முஸ்லிம் மத அமைப்பின் மாநாட்டைக் காரணம் காட்டி எங்கள் ஊரையே நோய் மாதிரிப் பார்த்தார்கள், காய்கறி வண்டிக்காரரைக் காட்டி "பாய்ட்ட வாங்காதிய" என்று சொல்லிப் போனவர்களை நானே பார்த்தேன். அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்களைப் பலிகடா ஆக்கியிருக்கிறார்கள் என்றது. அந்தச் செய்தியை யாரும் எனக்கு ஃபார்வர்டு செய்யவில்லை.

தென்காசித் தம்பி:
அக்கா சொல்வது வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரியவர்களை மட்டும் குறை சொல்ல முடியுமா? குண்டு வெடித்த செய்தியெல்லாம் பார்த்தவர்கள், மனதில் ஒரு பயம் இருக்கும். சொந்த வீட்டை யாருக்கு விடுவது என்பது அவர்கள் உரிமைதானே?

ரிட்டையர்டு வாத்தியார்:
தம்பி, நம்ம பக்கத்தில் வெட்டுக்குத்துச் செய்திக்குப் பஞ்சமே இல்லை. வெட்டியவன் என்ன சாதி என்று ஊருக்கே தெரியும். அதற்காக அந்தச் சாதியில் பிறந்த ஒரு பேங்க் ஊழியருக்கு வீடு இல்லை என்கிறோமா? செய்தவனோடு அதை நிறுத்துகிறோம். முஸ்லிம் என்றால் மட்டும் எங்கேயோ ஒருத்தன் செய்ததற்கு மேலப்பாளையத்துக் கைக்குழந்தை வரை கணக்கு எழுதுகிறோம். பயம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்தக் கணக்கு தப்பு. 1997-ல் இங்கிலாந்தின் ரன்னிமீட் டிரஸ்ட் இஸ்லாமோஃபோபியா, அதாவது முஸ்லிம்கள் மீதான வெறுப்பும் பயமும், பற்றி அறிக்கை வெளியிட்டபோது, அத்தனை முஸ்லிம்களையும் ஒரே அச்சில் வார்த்தவர்களாகப் பார்ப்பதைத்தான் முதல் அடையாளமாகச் சொன்னார்கள்.

உரிமை என்று கேட்டீர்கள். நம் அரசியல் சட்டத்தின் 15(2)-வது பிரிவு, மதம், சாதி பார்த்து ஒதுக்கக் கூடாத இடங்களாகக் கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று சொல்கிறது, வாடகை வீட்டைப் பெயர் சொல்லிச் சொல்லவில்லை, அந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாம் நடக்கிறது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில், நிறமும் மதமும் பார்த்து வீடு மறுப்பதற்கு எதிராகச் சட்டம் வந்தது.

பாளைக்காரன், அம்மாவிடம் சட்டம் பேசாதீர்கள். பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்குச் சின்ன வயதில் போயிருக்கிறாளா என்று கேளுங்கள். நம்ம பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் அங்கே நேர்ச்சை உண்டு.

களக்காட்டான்:
என் பேரை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் என்னிடம் கேட்பது வேறு கேள்வி. "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால் தெரிந்துவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் பையனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது கூடப் படித்தவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் சாதிக் கயிறு வரைக்கும் தடை கேட்டது. அந்தப் பையன்களும் ஒரு வீட்டில்தானே வளர்ந்தார்கள். "அவியளுக்கா" என்ற ஒற்றை வார்த்தையை எத்தனை வருஷம் கேட்டிருப்பார்கள்? அண்ணாச்சி, நண்பனுக்காக மட்டும் இல்லை, உங்கள் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்காகவும் பேசுங்கள்.

பாளைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் சொன்னபடி நேற்று ராத்திரி கேட்டேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், ஐந்து வயதில் காய்ச்சலில் கிடந்தபோது ஆச்சி இடுப்பில் தூக்கிக்கொண்டு பொட்டல்புதூருக்குப் போனதையும், அங்கே கட்டிய கயிறு இற்று விழும்வரை கழற்றாமல் கிடந்ததையும் சொன்னாள். "அவன் பொண்டாட்டி பிள்ளைய ஒரு நாள் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றாள், சரி என்று சொல்லவில்லை. அப்பா இன்னும் பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். போன தடவை வந்தவர்களிடம் கேட்ட அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது என்று மட்டும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.