கிளியரிங் அலுவலகத்துக்குத் திறமூல மின்னஞ்சலும் நாட்காட்டியும்: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி (தம்புச்செட்டித் தெரு):
வணக்கம். எங்களுடையது துறைமுகத்துக்கு வரும் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும், ஒன்பது பேர் வேலை செய்யும் கிளியரிங் ஏஜென்சி. இதுவரை ஆளுக்கொரு இலவச மின்னஞ்சல் முகவரியை வைத்துச் சமாளித்தோம். கப்பல் வரும் தேதியையும் கன்டெய்னரை எடுக்க வேண்டிய கடைசி நாளையும் அவரவர் குறித்து வைத்துக்கொள்வார்கள். சென்ற மாதம் ஒருவர் வேலையை விட்டபோது இரண்டு வாடிக்கையாளர்களின் கடிதங்கள் அனைத்தும் அவருடைய முகவரியோடு போய்விட்டன. அவர் மட்டுமே குறித்திருந்த ஒரு கெடுவைத் தவறவிட்டு டெமரேஜ் (தாமதக் கட்டணம்) கட்டினோம். இப்போது சொந்த டொமைன் வாங்கியிருக்கிறோம். அலுவலகத்தில் உள்ள 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினியில், மின்னஞ்சலும் நாட்காட்டியும் சேர்ந்த திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளான ஜிம்ப்ராவை நிறுவினால் போதுமா?

பதில் (தண்டையார்பேட்டை, சர்வர் பராமரிப்பு):
அலுவலகக் கணினியில் மின்னஞ்சல் சர்வர் வைக்கவே வேண்டாம் ஐயா. சாதாரண பிராட்பேண்ட் இணைப்புகளில் சர்வர்கள் தங்களுக்குள் மின்னஞ்சல் அனுப்பும் வழியான 25ஆம் போர்ட்டைப் பெரும்பாலும் மூடியிருப்பார்கள். நிலையான ஐபி வாங்கினாலும், அந்த எண் எந்தப் பெயருக்குரியது என்று காட்டும் பிடிஆர் பதிவை இணைய நிறுவனம்தான் போட்டுத் தர வேண்டும். அந்தப் பதிவும், கடிதம் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளும் சரியாக இல்லையென்றால், 2024 பிப்ரவரியில் ஜிமெயில் விதிகளை இறுக்கிய பிறகு, உங்கள் கடிதங்கள் திரும்பி வரும் அல்லது ஸ்பாமில் விழும். மேலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பக்கம் எத்தனை தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

ஜிம்ப்ராவின் 8.8.15 பதிப்புக்கான ஆதரவு 2023 இறுதியோடு முடிந்தது. 9ஆம் பதிப்பிலிருந்து திறமூல வடிவத்துக்கு நிறுவத் தயாரான தொகுப்பை அந்நிறுவனம் வெளியிடுவதில்லை. மூலநிரலிலிருந்து நாமே உருவாக்க வேண்டும். சொந்த சர்வர்தான் வேண்டுமென்றால் வாடகை சர்வரில் மெயில்கவ் என்னும் திறமூல மின்னஞ்சல் தொகுப்பைப் போடுங்கள். அஞ்சலை அனுப்பிப் பெற போஸ்ட்ஃபிக்ஸ், அஞ்சல் பெட்டிகளுக்கு டவ்காட், நாட்காட்டிக்கு சோகோ எல்லாம் அதில் சேர்ந்தே வரும். குறைந்தது 6 ஜிபி நினைவகம் கேட்கும். வாரந்தோறும் கவனிக்க ஓர் ஆளும் தேவை.

பதில் (திருவொற்றியூர், கணக்கு அலுவலகம்):
அப்படி ஓர் ஆள் எங்களிடம் இல்லாததால் நாங்கள் இரண்டையும் பிரித்தோம். அஞ்சல் பெட்டிகள் எங்கள் டொமைனிலேயே, கட்டணம் வாங்கும் ஒரு சேவையில் இருக்கின்றன; நாட்காட்டிக்கு மட்டும் சிறிய வாடகை சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட் என்னும் திறமூல மென்பொருளை வைத்திருக்கிறோம். அது நாட்காட்டிகளைப் பகிர்வதற்கான கால்டாவ் என்னும் பொதுத் தரத்தில் இயங்குவதால் கணினியில் தண்டர்பேர்ட் என்னும் அஞ்சல் மென்பொருளிலும், ஐபோனில் வேறு செயலி இல்லாமலும், ஆண்ட்ராய்டில் டேவ்எக்ஸ்5 என்னும் செயலி வழியாகவும் ஒரே நாட்காட்டி தெரிகிறது. நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் பதிவுகளைக் கையோடு எடுத்துப் போகலாம். நான் இதைத் தேர்ந்தெடுக்க அதுவே முதல் காரணம். கன்டெய்னர் கெடுக்களுக்கென்று ஒரு பொது நாட்காட்டியும், வாடிக்கையாளர் கடிதங்களுக்குத் தனிநபர் பெயரில்லாத ஒரு பொது முகவரியும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பிரித்து வைக்கும் வழியையே எடுத்துக்கொள்கிறோம். அப்படியானால் பழைய கணினிக்கு வேலை இல்லையா?

பதில் (தண்டையார்பேட்டை):
உண்டு. ஒவ்வொரு இரவும், சர்வரில் உள்ள கடிதங்களைப் படிக்க உதவும் ஐமேப் வழியாக எல்லாப் பெட்டிகளின் நகலையும், கூடவே நாட்காட்டியின் நகலையும் அதில் இறக்கி வையுங்கள். உங்கள் டொமைனுக்கு வரும் கடிதங்கள் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே அதன் டிடிஎல் மதிப்பை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 வினாடிக்குக் குறைத்துவிட்டு, கப்பல் எதுவும் வராத நாளின் மாலையில் மாற்றுங்கள்.