பிஎச்டி முடிச்சிட்டு காலேஜ் வேலைய விட்டு டெக்னிக்கல் ரைட்டிங் போலாமா?

கேள்வி:
பிசிக்ஸ்ல பிஎச்டி, தின் ஃபிலிம் (ரொம்ப மெல்லிசான படலம்) ஏரியா. ஈரோடு பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயருக்கு எடுக்குறேன். கிளாஸ விட நாக் (காலேஜுக்கு தர மதிப்பீடு குடுக்குற அமைப்பு) ஃபைல் ரெடி பண்றதும் மே மாசம் வீடு வீடா போய் அட்மிஷனுக்கு ஆள் புடிக்கிறதும்தான் அதிகம், சம்பளமும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதான் வருது. பாடம் நடத்துறது உயிர், அத விடணுமேன்னுதான் யோசனை. டெக்னிக்கல் ரைட்டிங்ல, அதாவது ஒரு பொருள யூஸ் பண்றது எப்படின்னு மேனுவல் எழுதுற வேலைல, ஜர்னல்ல பேப்பர் போட்ட அனுபவத்த கணக்குல எடுப்பாங்களா? வீட்டுக்காரருக்கு வேலை இங்கதான், அதனால ரிமோட்னா நல்லது.

பதில் 1:
மேடம், நான் கெமிஸ்ட்ரி பிஎச்டி, இப்ப சென்னை ஓஎம்ஆர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில ரைட்டர். பேப்பர் எத்தனைன்னு இன்டர்வியூல யாரும் கேக்கல, ஒரு ஃபீச்சர காட்டி இத யூஸ் பண்றவருக்கு ஸ்டெப் எழுதுங்கன்னாங்க. ஜர்னல்ல பேப்பர செக் பண்ற ரிவ்யூவர் ஓட்டை இருக்கான்னு பாத்து படிப்பாரு, இங்க படிக்கிறவரு வேலை பாதில நின்னுபோய் வந்து நிக்கிறாரு, அந்த வித்தியாசம் பழக எனக்கு நாளாச்சு. உங்ககிட்ட இருக்குற பெரிய சொத்து லேப் மேனுவல்தான். ஏர் வெட்ஜ் எக்ஸ்பெரிமென்ட்ல (ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வச்ச மெல்லிய கம்பியோட தடிமன அளக்குறது) பசங்க மைக்ரோஸ்கோப் ஸ்க்ரூவ ரெண்டு பக்கமும் திருப்பி பேக்லாஷ் எரர் (ஸ்க்ரூ லூஸா இருக்குறதால வர்ற அளவுத் தப்பு) வாங்குவாங்கல்ல, நம்ம மேனுவல்ல அந்த எச்சரிக்கை கடைசி பக்கத்துல கெடக்கும், அத ரீடிங் எடுக்குற ஸ்டெப்புக்கு முன்னாடி வச்சு எழுதுங்க, அதான் இந்த வேலையே. மார்க்டவுன்ல (எளிய குறிகள் வச்சு எழுதுற முறை) எழுதி, கோடும் டாகுமென்ட்டும் போட்டு வைக்கிற கிட்ஹப் சைட்ல போடுங்க, லிங்க்க ரெஸ்யூமேல குடுங்க. கூகுளோட டெக்னிக்கல் ரைட்டிங் கோர்ஸ் ஃப்ரீ, டாம் ஜான்சன்கிற டெக்னிக்கல் ரைட்டரோட ஏபிஐ (ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணோட பேசுற வழி) டாகுமென்டேஷன் கோர்ஸும் ஃப்ரீ. பைத்தான் தெரிஞ்சா நம்பை, மேட்பிளாட்லிப் மாதிரி பைத்தான் லைப்ரரிகளோட டாக்ஸ்ல புரியாத பத்திய திருத்தி அனுப்புங்க, அங்க இருக்குறவங்க பாத்து கருத்து சொல்லுவாங்க, அந்தப் பாடம் காசு குடுத்தாலும் கெடைக்காது.

பதில் 2:
மொதல்ல ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் யார்கிட்ட இருக்குன்னு பாருங்க. வாங்கி வச்சுக்கக் கூடாதுன்னு இன்ஜினியரிங் காலேஜுக்கு அனுமதி குடுக்குற ஏஐசிடிஇயே சொல்லியும் பல காலேஜ்ல புடிச்சு வச்சிருக்காங்க. கைக்கு வந்தப்புறம் ரிசைன் லெட்டர் குடுங்க, அதுவும் செமஸ்டர் முடியிற நேரமா. அப்புறம் காசு கட்டி சர்ட்டிஃபிகேட் கோர்ஸ் எதுலயும் அவசரப்பட்டு சேராதீங்க. பழைய வீடியோல எஸ்டிசில (டெக்னிக்கல் ரைட்டர்களோட அமெரிக்க சங்கம்) மெம்பர் ஆகுங்கம்பாங்க, 1953ல ஆரம்பிச்ச அந்த அமைப்பு 2025 ஜனவரில மூடியாச்சு. ஏஐ வந்தப்புறம் ஃபர்ஸ்ட் டிராஃப்ட் எழுத மட்டும் ஆள் எடுக்குறது கொறஞ்சிருச்சு. டெவலப்பர்கிட்ட கேட்டு, போஸ்ட்மேன்கிற ஏபிஐ டெஸ்ட் பண்ற டூல்ல தானே ஓட்டிப் பாத்து, தப்பு எங்கன்னு சொல்ற ஆளதான் தேடுறாங்க. புதுசா வர்றவங்களுக்கு மொத வேலையே ரிமோட்ல கெடைக்கிறது கஷ்டம், கொஞ்ச நாள் சென்னையோ பெங்களூரோ போக வேண்டி வரலாம், அத வீட்ல இப்பவே பேசிடுங்க.

பதில் 3:
எல்லாரும் சாஃப்ட்வேர்னே சொல்றீங்க. தின் ஃபிலிம் ஆளுன்னா ஸ்பட்டரிங் யூனிட் (படலம் படிய வைக்கிற மெஷின்), வேக்யூம் பம்ப்லாம் கையால ஓட்டியிருப்பாங்க. அந்த மாதிரி மெஷின், செமிகண்டக்டர் எக்யூப்மென்ட் கம்பெனிலயும் மேனுவல் எழுத ஆள் வேணும், எந்த வால்வ எப்ப திறக்கணும்னு அனுபவிச்சவங்க எழுதுனாதான் ஒழுங்கா வரும். டிட்டா (மேனுவல துண்டு துண்டா எழுதிச் சேக்குற முறை), ஃப்ரேம்மேக்கர் (பெரிய மேனுவல் எழுதுற சாஃப்ட்வேர்) ரெண்டையும் கொஞ்சம் பாத்து வைங்க.

கேள்வி கேட்டவர்:
மெஷின் பக்கம் யோசிக்கவே இல்ல, ரொம்ப நன்றி. சர்ட்டிஃபிகேட் காலேஜ்லதான் இருக்கு, பேங்க் லோனுக்கு வேணும்னு திங்கக்கிழமை கேக்குறேன். ஏர் வெட்ஜ எழுதி இங்கயே லிங்க் போடுறேன், தயவு செஞ்சு தாட்சண்யம் பாக்காம தப்பு சொல்லுங்க.

பதில் 2:
லோன்னு சொல்ல வேணாம் மேடம், எந்த பேங்க்குன்னு அவங்களே போன் பண்ணுவாங்க. என் சர்ட்டிஃபிகேட் எனக்கு வேணும்னு லெட்டராவே எழுதிக் குடுத்து, லெட்டர அவங்க வாங்குனதுக்கு சீல் போட்ட காப்பி வச்சுக்கோங்க.