தார்ன் பள்ளத்தாக்கு: இறக்கத்தில் பின் பிரேக் லீவர் ஹேண்டில்பார் வரை வந்துவிட்டது. நாளை ஓட்டலாமா?

மூச்சிரைப்பவன் | செவ்வாய், இரவு 8.10

வணக்கம். நானும் என் மைத்துனனும் தெற்குப் பிரான்ஸில் தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மலைச் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறோம். ஞாயிறன்று ஃப்ளோராக்கில் கிளம்பினோம். வெள்ளிக்கிழமை மாலை மியோவில் ரயில். இப்போது சாந்த் எனிமி என்ற சிற்றூரில் அறை எடுத்திருக்கிறோம்.

இடம் தெரியாதவர்களுக்கு: ஆறு ஒரு வெட்டுக்குள் ஓடுகிறது, இருபுறமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர். சுவர் மேல் ஏறினால் சிகரம் கிடையாது, பெரிய மொட்டை மேட்டுநிலம். கோஸ் என்கிறார்கள். தென்கரையில் இருப்பது கோஸ் மெழான், சுமார் 1000 மீட்டர் உயரம். ஆற்றோடு சமர்த்தாகப் போகலாம் என்று நினைத்து வந்தேன். மைத்துனன் போட்ட வழியோ மேலே ஏறு, கொஞ்சம் ஓட்டு, மறுபடி ஆற்றுக்கு இறங்கு என்று போகிறது.

இன்று மதியம் கோஸிலிருந்து இந்த ஊருக்கு இறங்கினோம். நானூறு மீட்டருக்கு மேல் இறக்கம், சரளைக்கல் பாதை. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பின் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் எதிர்ப்பே இல்லாமல் ஹேண்டில்பாரில் போய் முட்டியது. முன் பிரேக்கைக் கொண்டு எப்படியோ நின்றேன். பத்து நிமிடம் ஆறவிட்டேன், மாற்றமில்லை. லீவரைப் பத்துப் பதினைந்து முறை அடித்துப் பார்த்தேன், கொஞ்சம் பிடிப்பு வந்தது. மீதி தூரம் இறங்கி நடந்தேன். கருகிய வாடை வேறு.

ஹைட்ராலிக் (குழாய்க்குள் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும்) டிஸ்க் பிரேக், லீவர் மேல் மினரல் ஆயில் என்று எழுதியிருக்கிறது. 160 மில்லிமீட்டர் டிஸ்க். நான் 88 கிலோ, பை 9 கிலோ. வழியில் ஒரு பஞ்சரும் ஆனது, அது வேறு கதை. நாளை மறுபடி கோஸ் மேல் ஏறி லா மலென் ஊருக்கு இறங்குவதாகத் திட்டம். புது பேட் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் கட்டை) வாங்கினால் போதுமா? விடுதிக்காரர் காரின் பிரேக் ஆயில் இருக்கிறது, ஊற்றித் தருகிறேன் என்கிறார். நல்ல மனிதர்.

தனிவழி | செவ்வாய், இரவு 8.31

இது சூடுதான், வேறொன்றுமில்லை. 97 கிலோவை 160 டிஸ்க்கில் இறக்கினால் வேறு என்ன நடக்கும்? மெட்டல் பேட் வாங்கிப் போடுங்கள். ஊருக்குப் போனதும் டிஸ்க்கை 180 ஆக்குங்கள். நான் ஆல்ப்ஸில் இதே தொல்லையை அனுபவித்தவன். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு முழுதாக விட்டுவிட வேண்டும்.

செயின் எண்ணெய் | செவ்வாய், இரவு 8.52

முதலில் விடுதிக்காரருக்கு நன்றி சொல்லி அந்த பாட்டிலை மூடச் சொல்லுங்கள். கார் பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. மினரல் ஆயிலுக்காகச் செய்த ரப்பர் சீல்கள் அதில் உப்பிக் கெட்டுவிடும். பிறகு லீவர், காலிப்பர் (சக்கரத்தருகே பேட்டைத் தாங்கும் பகுதி) இரண்டையும் குப்பையில்தான் போட வேண்டும்.

தனிவழி சொன்ன பிடித்து விடும் முறை சரி. ஆனால் நோயைச் சூடு என்று உடனே முடிவு கட்ட எனக்கு மனமில்லை. துலூஸில் ஒரு சைக்கிள் கடையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். "பிரேக் பிடிக்கவில்லை" என்று வருகிறவர்களிடம் முதலில் நான் கேட்பது ஒன்றே: லீவர் மெத்தென்று உள்ளே போகிறதா, அல்லது கல் மாதிரி நின்றும் வண்டி நிற்கவில்லையா? இரண்டும் வேறு வேறு. லீவர் உறுதியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பேட் கண்ணாடிபோல் வழவழத்துவிட்டது, அல்லது அதில் எண்ணெய் பட்டுவிட்டது. மெத்தென்று போனால் குழாய்க்குள் காற்றோ ஆவியோ இருக்கிறது. எண்ணெயை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். உங்கள் விரல் அந்தக் குமிழியை அமுக்குவதில் வீணாகிறது, பேட் வரை விசை போவதில்லை.

உங்களுடையது மெத்தென்ற வகை. சூட்டில் ஆவியானதாக இருந்தால் ஆறியதும் லீவர் தானாகத் திரும்பியிருக்கும். உங்களுக்கு ஆறவிட்டும் திரும்பவில்லை, அடித்த பிறகுதான் திரும்பியது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள்: கருகிய வாடை எந்தச் சக்கரத்திலிருந்து வந்தது? இறங்கத் தொடங்கும் முன், மேலேயே, லீவர் எப்படி இருந்தது? பேட் எவ்வளவு மிச்சம்? அந்தப் "வேறு கதை" பஞ்சரை எப்படி ஒட்டினீர்கள்?

மெட்டல் பேட் வாங்கும் முன் டிஸ்க்கின் மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள். விலை குறைந்த டிஸ்க்குகள் பலவற்றில் ரெசின் பேட் மட்டும் என்று இருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் டிஸ்க்கைச் சுரண்டித் தின்றுவிடும்.

மூச்சிரைப்பவன் | செவ்வாய், இரவு 9.20

அக்கா, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வாடை முன் சக்கரத்திலிருந்து. முன் டிஸ்க்கின் நிறம்கூட லேசாக நீலம் பாய்ந்திருக்கிறது. பின் டிஸ்க் பளிச்சென்று புதிதுபோல் இருக்கிறது. இதை நான் கவனிக்கவே இல்லை. பேட் இரண்டிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மிச்சம். டிஸ்க்கில் நீங்கள் சொன்ன வாசகம் அப்படியே இருக்கிறது, ரெசின் மட்டும்.

மேலே லீவர் எப்படி இருந்தது என்று தெரியாது. பஞ்சர் ஒட்டிய பிறகு இரண்டு மூன்று கிலோமீட்டர் சமதளம், பிரேக்கையே தொடவில்லை.

பஞ்சர் கதை இதுதான். புதர் முள் ஒன்று பின் டயரில் ஏறிவிட்டது. கோஸ் மேல் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புக்குள் இறங்கி, கீழே ஆற்றங்கரையில் ஊற்றாக வந்துவிடுகிறதாம். நல்லவேளையாக ஆடுகள் குடிப்பதற்குக் கல் பாவி வைத்த குட்டை ஒன்று வழியில் இருந்தது, இங்கே லவோஞ் என்கிறார்கள். அதில் டியூபை அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடித்தேன். சைக்கிளைக் கவிழ்த்து சீட்டின் மேலும் ஹேண்டில்பாரின் மேலும் நிறுத்தினேன். நம் ஊர்ப் பஞ்சர் கடையில் அப்படித்தானே செய்வார்கள்? முக்கால் மணி நேரம் ஆனது, பசை காயவில்லை.

செயின் எண்ணெய் | செவ்வாய், இரவு 9.41

முக்கால் மணி நேரம் கவிழ்ந்து நின்றதா? விடை அதுதான்.

லீவருக்குள் ஒரு சின்ன எண்ணெய்த் தொட்டி உண்டு. பேட் தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே நகரும், தொட்டியிலிருந்து எண்ணெய் கீழே இறங்கி அந்த இடத்தை நிரப்பும். வருடக்கணக்கில் எண்ணெய் மாற்றாத பிரேக்கில் அந்தத் தொட்டியில் கொஞ்சம் காற்றும் சேர்ந்திருக்கும். சைக்கிள் நேராக நிற்கும்வரை அந்தக் காற்று மேலேயே மிதக்கும், யாருக்கும் தெரியாது. கவிழ்த்தால் லீவர் கீழே போய்விடும், குழாய் மேலே வந்துவிடும். குமிழிக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு பழக்கம் இல்லை, குழாய்க்குள் புகுந்துவிட்டது. தெருமுனைக் கடையில் கவிழ்த்த சைக்கிள்கள் எல்லாம் கம்பி பிரேக். அவற்றைத் தலைகீழாக நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. எண்ணெய் பிரேக்கிலும், ஒழுங்காகக் காற்று எடுத்திருந்தால் கவிழ்க்கலாம்.

பின் பிரேக் இல்லாததால் முன் பிரேக் மொத்தச் சுமையையும் தாங்கியது. வாடையும் நீலமும் அதன் விளைவு. முன் பேட் வழவழத்திருக்கும்.

இன்றிரவு செய்ய வேண்டியது: ஹேண்டில்பார்தான் எல்லாவற்றிலும் உயரமாக இருக்கும்படி சைக்கிளைச் சாய்த்து நிறுத்துங்கள். முன் சக்கரத்தை நாற்காலி மேல் ஏற்றிவைத்தாலும் சரி. பின் பிரேக் லீவரை மெதுவாக முப்பது நாற்பது முறை இழுத்து விடுங்கள், காலிப்பரிலிருந்து லீவர் வரை குழாயை விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள். பிறகு லீவரை இழுத்துப் பிடித்தபடி ரப்பர் பட்டையால் ஹேண்டில்பாரோடு கட்டிவிட்டுத் தூங்குங்கள். காலையில் அவிழ்த்ததும் உறுதியாக இருக்க வேண்டும். காலிப்பரையும் லீவரையும் வெள்ளைக் காகிதத்தால் துடையுங்கள். எண்ணெய்க் கறை வந்தால் எங்கோ கசிகிறது, அப்போது ஓட்டவே வேண்டாம்.

இது தற்காலிக ஏற்பாடு. காற்று சைக்கிளை விட்டுப் போகாது, தொட்டிக்குத் திரும்பும், அவ்வளவுதான். கோஸுக்கு ஏறுவதை மறந்துவிடுங்கள்.

தனிவழி | செவ்வாய், இரவு 10.02

கவிழ்த்ததை நான் கேட்காமல் விட்டது தப்புதான். ஆனாலும் முன் பிரேக் மட்டும் வைத்து ஒரு முழு இறக்கம் நான் இறங்கியிருக்கிறேன். அவ்வளவு பயம் வேண்டாம்.

செயின் எண்ணெய் | செவ்வாய், இரவு 10.06

தார்ச்சாலையில் இறங்கியிருப்பீர்கள். உருளும் சரளைக்கல்லில் வளைவுக்குள் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் வழுக்கும், கூடவே ஆளும். அதுவும் அவருடைய முன் பேட் ஏற்கெனவே வெந்துபோனது.

மோன்பெலியே பெரியவர் | புதன், காலை 6.15

தம்பி, நான் பாண்டிச்சேரியில் பிறந்தவன், இந்தப் பக்கம் முப்பது வருடமாகச் சுற்றுகிறேன். அந்த அம்மா சொல்வதைக் கேளுங்கள். சாந்த் எனிமியிலிருந்து வலது கரையில் ஆற்றை ஒட்டியே சாலை போகிறது. லா மலென், லே வீஞ், ல ரோஸியே வழியாக மியோ. ஆறு மியோ வரை நூறு மீட்டரை ஒட்டித்தான் இறங்குகிறது, பிரேக்குக்கு வேலையே இல்லை. குடைந்த சுரங்கங்கள் வரும், பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். வீட்டு வண்டி இழுக்கும் கார்கள் பத்து மணிக்கு மேல்தான் கிளம்பும், அதற்குள் புறப்பட்டுவிடுங்கள்.

இடது கரையில் ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறதே என்று மைத்துனர் வரைபடத்தைக் காட்டுவார். அது நடப்பவர்களுக்கானது, பாறையில் சைக்கிளைத் தோளில் சுமப்பீர்கள். சிவப்பு வெள்ளைக் கோடு போட்டிருந்தால் நடைபாதை. மலைச் சைக்கிள் பாதைக்கு முக்கோணமும் அதன் பக்கம் இரண்டு வட்டமும் குறியாக இருக்கும். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடும்.

நீங்கள் நிற்பது லொஸேர் மாவட்டம், பிரான்ஸிலேயே மக்கள் தொகை குறைந்த மாவட்டம். வழியில் சைக்கிள் கடையை எதிர்பார்க்காதீர்கள். மியோ பெரிய ஊர், அங்கே பார்த்துக்கொள்ளலாம். கடையில் "பியூர்ழே" என்றால் காற்று எடுப்பது, "பிளாக்கெத்" என்றால் பேட், "உய்ல் மினெரால்" என்று எண்ணெயையும் அழுத்திச் சொல்லுங்கள். மனம் கேட்காவிட்டால் லா மலெனில் படகோட்டிகள் இருக்கிறார்கள், செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே துடுப்பு போட்டு அழைத்துப் போவார்கள். சைக்கிளை ஏற்ற மாட்டார்கள். மைத்துனரை ஏற்றிவிடலாம்.

மூச்சிரைப்பவன் | வெள்ளி, மதியம் 1.40

மியோவிலிருந்து எழுதுகிறேன். மூவருக்கும் நன்றி.

புதன் காலை லீவர் கல்லாக இருந்தது, மந்திரம் போட்டதுபோல். காகிதத்தில் கறை இல்லை. ஆற்றங்கரையில் வாகனம் நிறுத்தும் திடலில் இருபது முறை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். மைத்துனன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாலையில் வந்தான். ல ரோஸியே அருகில், ழோந்த் ஆறு வந்து சேரும் இடத்தில், பாறைக்கு மேல் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமடித்தன. முற்றிலும் அழிந்துபோனவற்றை 1981 முதல் மறுபடி கொண்டுவந்து விட்டார்களாம். "உன் பிரேக்குக்காகக் காத்திருக்கின்றன" என்றான். அதன் பிறகு சிரித்துப் பேசினோம்.

வியாழன் மாலைக்குள் லீவர் கொஞ்சம் இளகத் தொடங்கியது. நீங்கள் சொன்ன தற்காலிகம் சரியாக இரண்டு நாள். இன்று கடையில் காற்று எடுத்தார்கள். எண்ணெய் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது, கூடவே குமிழிகள். முன் பேட் வழவழத்திருந்தது, அதையும் மாற்றினேன், ரெசின்தான். அந்த வகையில் தனிவழி சொன்ன சூடும் பாதி உண்மை.

ஒரே ஒரு சந்தேகம். ரயிலில் சைக்கிளைக் கொக்கியில் செங்குத்தாகத் தொங்கவிடச் சொல்கிறார்கள். மறுபடி காற்று குழாய்க்குள் போய்விடுமா?

செயின் எண்ணெய் | வெள்ளி, மதியம் 1.58

காற்று எடுத்த பிரேக், பயமில்லை. முன் சக்கரத்தைக் கொக்கியில் மாட்டுங்கள், லீவர் மேலே இருக்கும். பின் சக்கரத்தை மாட்டினால் ஹேண்டில்பார் கீழே தொங்கும். இன்னொன்று: சக்கரத்தைக் கழற்றி வைத்தால் பேட்டுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். சக்கரம் இல்லாதபோது யாராவது விளையாட்டாக லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். மைத்துனரிடம் சொல்லி வையுங்கள்.

மூச்சிரைப்பவன் | வெள்ளி, மதியம் 2.03

சொன்னேன். ஏற்கெனவே அழுத்திவிட்டானாம், அவனுடைய சைக்கிளில். கடை இன்னும் திறந்திருக்கிறது, ஓடுகிறோம்.