ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்: பெண்ட் பைப் மாத்தினதும் சத்தம் கூடுச்சு, பிக்கப் போச்சு. ஏன்?

மலைப்பாதை650:
வணக்கம். கம்பெனி பெண்ட் பைப்பை (என்ஜின்ல இருந்து சைலன்சருக்குப் புகை போற பைப்) கழட்டிட்டு, வெளியில செஞ்ச ஸ்டீல் பைப்பும் குட்டை சைலன்சரும் போட்டிருக்கேன். சத்தம் அட்டகாசம். ஆனா 3000–4000 ஆர்பிஎம்ல வண்டி இழுக்க மாட்டேங்குது. ஆக்சிலேட்டரை விட்டா இடது பக்கம் மட்டும் டப் டப்புன்னு வெடிக்குது. ஓட ஓட செட் ஆயிடும்ங்கறார் கடைக்காரர். ரீமேப் (பெட்ரோல் அளவை முடிவு பண்ற கம்ப்யூட்டர் செட்டிங்கான மேப்பை மாத்தறது) பண்ணணுமா?

கொங்கு_ரைடர்:
ஓட ஓட செட் ஆக அது என்ன புதுச் செருப்பா? 😀 ரெண்டு பைப்பையும் சேர்க்கிற கிராஸ்ஓவர் இருக்கா பாருங்க.

மலைப்பாதை650:
இல்லை, தனித்தனி. வெறும் எடைதான், தேவையில்லைன்னாங்க.

ஸ்பேனர்_அண்ணாச்சி:
தம்பி, ரீமேப்புக்கு அவசரப்படாதீங்க. ஒரு பக்கம் மட்டும் வெடிச்சா முதல்ல லீக்கைத்தான் சந்தேகப்படணும். ஆக்சிலேட்டரை விடும்போது பைப்புல எரியாத பெட்ரோல் கொஞ்சம் மிச்சம் இருக்கும், இடுக்கு வழியா வெளிக்காத்து புகுந்தா அங்கேயே பத்திக்கும். என்ஜின் நல்லா ஆறினதும் சைலன்சர் வாயில பிளோயரை வச்சு ஊதி, ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க.

பிக்கப் வேற கதை. இது 270 டிகிரி கிராங்க், அதாவது பிஸ்டன் ரெண்டையும் கிராங்க் தண்டுல 270 டிகிரி தள்ளி மாட்டியிருக்கு. சிலிண்டர் ரெண்டும் சம இடைவெளியில வெடிக்காது, ஒரு தடவை 270 டிகிரி, அடுத்து 450. ஒண்ணு புகையைத் தள்ளும்போது மத்ததோட சைலன்சர் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். கிராஸ்ஓவர் இருந்தா அந்தப் புகை ரெண்டு சைலன்சருக்கும் பிரியும். சத்தமும் குறையும், தடையும் குறையும். அதை எடுத்துட்டா ஒவ்வொரு 324 சிசி சிலிண்டரும் தன்னோட ஒரே சைலன்சரை நம்பணும். பைப்புக்குள்ள அழுத்த அலை திரும்பி வர்ற நேரமும் மாறிடும், கம்பெனி மேப்போ பழைய பைப்புக்கு எழுதினது. 52 நியூட்டன் மீட்டர் டார்க்ல 80 சதவீதம் 2500 ஆர்பிஎம்லயே கிடைக்கும்னு கம்பெனி சொல்ற வண்டி, 3000ல திணறலாமா?

மலைப்பாதை650:
அண்ணாச்சி, இடது பைப் என்ஜின் ஹெட்ல சேர்ற இடத்துல நுரை பொங்குச்சு. அந்த ஜாயின்ட்டை அடைக்கிற பேக்கிங்கை மாத்தினதும் வெடிப்பு ஏறக்குறைய நின்னுடுச்சு. திணறல் மட்டும் அப்படியே இருக்கு.

ஸ்பேனர்_அண்ணாச்சி:
அப்போ பழைய பெண்ட் பைப்பைப் போடுங்க. சைலன்சரை இப்போ தொடாதீங்க, ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எதுனால சரியாச்சுன்னு தெரியாது. சத்தத்தைக் குறைக்க சைலன்சர் வாயில செருகற டிபி கில்லர் இருக்குல்ல?

மலைப்பாதை650:
கடையிலயே கழட்டிட்டாங்க.

கொங்கு_ரைடர்:
அதையும் கேட்டு வாங்குங்க. 175 சிசிக்கு மேல உள்ள பைக்குக்கு சத்த வரம்பு 80 டெசிபல். போலீஸ்கிட்ட மாட்டினா 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் மூணு மாசம் போகும்.

மலைப்பாதை650:
பழைய பைப்பும் அங்கதான் கிடக்கு, சாயங்காலம் எடுத்துடறேன். பழைய பேக்கிங்கையே போடலாமா?

ஸ்பேனர்_அண்ணாச்சி:
வேண்டாம், ஒரு தடவை அமுங்கினது மறுபடி சரியா அடைக்காது. புதுசு போட்டு, ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ஒரு ரவுண்டு ஓட்டி ஆறவிட்டு, டைட் இருக்கான்னு திரும்பப் பாருங்க.