அவுரி சாய சேர்ட் – புதுப்பிப்பு

போன மாசம் போட்டிருந்தேன்ல, அவுரி சாயம் (இண்டிகோன்னு சொல்ற நீலச் சாயம்) போட்ட கைத்தறி சேர்ட் ஒன்னு வாங்கினேன், கழுத்தும் உள்ள போட்ட வெள்ள பெனியனும் நீலமாகுது, உப்புத்தண்ணில ஊறப்போட்டா நிக்குமான்னு. அதுக்கு இப்ப பதில் சொல்றேன்.

உப்புல ஒன்னும் நிக்கல, வினிகரும் வேலைக்காகாது. அவுரி தண்ணில கரையாத சாயம், சாயம் போடுற தொட்டிக்குள்ள பச்ச மஞ்சளா இருந்து வெளிய எடுத்து காத்து பட்டதும் நீலமாகி நூலுக்கு மேல மேல படியுது, நடு வரைக்கும் சரியா இறங்கறதில்ல, அதனால தேய்ச்சா ஒட்டத்தான் செய்யும். சாயம் மட்டம்னு நான் நெனச்சது தப்பு.

தனியா, உள்பக்கம் வெளிய திருப்பி, பச்சத்தண்ணில கொஞ்சம் சவுக்காரம் போட்டு அலசினேன், மூனாவது தடவ தண்ணி கிட்டத்தட்ட தெளிவாயிருச்சு. பிரஷ் போடாதீங்க, ப்ளீச் பக்கமே போகாதீங்க.

காய வைக்கிறதுதான் எங்க மலையூரு ஹட்டன்ல பெரிய பாடு. இந்த மழையிலயும் மூடுபனியிலயும் ரெண்டு நாளாகியும் கைமடிப்பு ஈரமாவே இருந்துச்சு, அம்மா அடுப்புக்கு மேல கொடியில போட்டாங்க, பொகவாட போக மறுபடி அலச வேண்டியதாப்போச்சு. இப்ப புழியாம ஹேங்கர்ல மாட்டி வாசல் தாவாரத்துல காத்துல விடுறேன், வெயில் வந்தாலும் நெழல்லதான்.

பேக் வார் படுற தோள்ல மட்டும் நீலம் கொறஞ்சு, குறுக்க ஓடுற ஊடு நூல் ஒவ்வொன்னா வெளிறித் தெரியுது, அந்த எடம் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு.